நான் போட்ட 48 விநாடி வீடியோவும் மாமாவின் கியர் பாக்ஸும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் என்றால் செய்தி குறைவு, வேலை அதிகம். ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து வீடியோ போட்டாக வேண்டும். போன ஆவணி மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்த அமெரிக்க வண்டி என் கண்ணில் பட்டது.

பஸ் அளவுக்கு ஒரு பெரிய வீட்டு வண்டி. உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருப்பார்களே, கேரவன், அதற்குப் பெரியண்ணன் மாதிரி. அதன் பின்னால் ஒரு ஜீப், டிரைவரே இல்லாமல் நான்கு சக்கரமும் தரையில் உருள, சமர்த்தாகப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இரும்புக் கம்பி ஒன்று மட்டும்.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர் இப்படித்தான் ஊர் சுற்றுகிறார்கள். 35, 40 அடி நீள வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போக முடியாது. அதனால் பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் இழுத்து வந்த சின்ன காரில் ஊரைச் சுற்றுவார்கள். கப்பலுக்குப் பின்னால் கட்டியிருக்கும் குட்டிப் படகின் நினைவாக அந்தக் காரை 'டிங்கி' என்பார்கள். 'டோட்' என்றும் சொல்வதுண்டு. இழுக்கப்படுவதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு என்பதால் வந்த விளையாட்டுப் பெயர் அது.

நல்ல விஷயம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு மணி நேரத்தில் வீடியோவை முடித்தேன். 48 விநாடி. 'டிரைவரே இல்லாமல் ஓடும் கார்! ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக்கூட இப்படி இழுத்துட்டுப் போறாங்க பாருங்க!' என்று நானே குரல் கொடுத்தேன். முதலில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது: 'எல்லா காரையும் இப்படி இழுக்க முடியாது, கார் கம்பெனி அனுமதித்த மாடல்களை மட்டும்தான்.' அதைச் சேர்த்தால் 53 விநாடி வந்தது. 50-க்கு மேல் போனால் பார்ப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது எங்கள் டெஸ்க்கின் வேதவாக்கு. வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானேதான் வெட்டினேன்.

வீடியோ நன்றாகப் போனது. வழக்கம்போல எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். அப்பா ஒரு கைதட்டல், மாமா இரண்டு கைதட்டல், அத்தை ஒரு பூங்கொத்து. அதோடு நான் மறந்துபோனேன்.

எங்கள் ஊர் திண்டிவனம். சென்னையிலிருந்து தெற்கே போகும் யாரும் எங்கள் ஊரைத் தவிர்க்க முடியாது. விழுப்புரம், பாண்டிச்சேரி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, மரக்காணம் என்று எல்லாப் பக்கமும் இங்கிருந்துதான் பிரிய வேண்டும். புளியங்காடு என்ற பொருள் தரும் திந்திரிணிவனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். இப்போது புளியமரத்தைவிட மேம்பாலமும் சர்வீஸ் ரோடும்தான் கண்ணில் படும். ஊரில் பாதிப் பேருக்கு வண்டியோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். டிரைவர், மெக்கானிக், பஞ்சர் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

அப்பா முப்பது வருடம் டிரைவர். அம்பாஸடரில் தொடங்கி வேன் வரைக்கும் ஓட்டினார். இப்போது சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறார். சீசனில் மல்லாட்டை மூட்டை, மற்ற நாட்களில் தண்ணீர் கேன், வீடு மாற்றுபவர்களின் பீரோ, கட்டில். அவர் வண்டியில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, மயிலம் முருகன் படம். இன்னொன்று, இருக்கைக்குப் பின்னால் சுருட்டி வைத்த தடித்த நைலான் கயிறு. ரோட்டில் யார் வண்டி நின்றுபோயிருந்தாலும் அப்பா நிறுத்தாமல் போக மாட்டார். "இன்னிக்கு அவன், நாளைக்கு நாம" என்பார். நாங்கள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய், யாருடைய காரையோ இழுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட் வாசலில் பட்டுப்புடவையோடு நின்ற கதையெல்லாம் உண்டு.

கயிறு கட்டி இழுக்கப்படும் காருக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். லைசென்ஸ் எடுத்த புதிதில் எங்கள் பழைய கார் ஓங்கூர் பக்கத்தில் நின்றுவிட்டது. அது மேனுவல் கியர் வண்டி. அப்பா குட்டி யானையோடு வந்தார். கயிற்றைக் கட்டிவிட்டு என்னை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார். அம்மா "அவளயா?" என்று பதறியதற்கு, "உனக்கு ஓட்டத் தெரியுமா? அப்ப அவதான்" என்றார்.

கிளம்பும் முன் ஜன்னல் பக்கம் வந்து நின்று பாடம் எடுத்தார். "சாவிய எடுத்துடாத, ஒரு கட்டம் திருப்பியே வை. எடுத்தா ஸ்டீயரிங் பூட்டிக்கும். நியூட்ரல்லயே இருக்கட்டும். பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பயப்படாத, ரெண்டு காலையும் வெச்சி மிதி. கயிறு தொய்யவே கூடாது. என் பிரேக் லைட் எரியறதுக்கு முன்னாடியே நீ லேசா புடிக்கணும். நான் நிறுத்தறது உன் கையில இருக்கு பாப்பா."

கடைசி வாக்கியத்துக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. நூறு மீட்டரில் புரிந்துவிட்டது. நான் பிடிக்காவிட்டால், அவர் வேகம் குறைக்கும்போது நேராகப் போய் அவர் வண்டியின் பின்னால் முட்ட வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடைக்கும். அணைந்துவிட்டால், மிச்சம் இருக்கிற வேக்குவத்தில் இரண்டு மூன்று மிதி வேலை செய்யும். அதன் பிறகு எல்லாம் நம் கால் பலம்தான். பவர் ஸ்டீயரிங்கும் அப்படியே, கிணற்று ராட்டினம் மாதிரி கனக்கும். சாரம் தாண்டும்போது ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் உரசிப் போனது. வீடு வந்து இறங்கியபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "ஒரு தடவ கூட முட்டல" என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அப்பா அரைகுறை ஆள் இல்லை என்பதற்காகத்தான். அவர் கற்ற காலத்து வண்டிகளுக்கு அவர் செய்வது சரி. லாரிக்காரர்கள் தூரம் இழுப்பதாக இருந்தால் கீழே படுத்து பிராபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுப்பார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும். அமெரிக்கர்களும் சில பின்சக்கர இழுவை வண்டிகளில் அந்த ஷாஃப்ட்டைத் துண்டித்துவிடும் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். திண்டிவனம் பைபாஸில் ஸ்பேனரோடு செய்வதை அங்கே ஒரு லீவரை இழுத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

மாமா, அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அத்தை கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு அத்தையால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி இறங்குவதும் கஷ்டம். அதனால் நகைக்கடனும் சீட்டுப் பணமும் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார்கள். மாமா கடைக்கு அதே பழைய ஸ்கூட்டரில்தான் போவார். கார் அத்தைக்கு.

நான் வீடியோ போட்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விழுப்புரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டி கார் நின்றுவிட்டது. முதலில் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததாம். அப்புறம் ஹெட்லைட் மங்கி, எல்லாமே அணைந்துவிட்டது. மணி ஒன்பதரை. காரில் மாமா, அத்தை, தூங்கிக்கொண்டிருந்த அவர்கள் பையன். மாமா யாருக்கு போன் செய்வார்? அப்பாவுக்குத்தான்.

அப்பா போய்ப் பார்த்தார். பேட்டரி செத்துவிட்டதால் கியர் லீவர் பார்க்கிலிருந்து அசையவே இல்லை. லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து சாவி முனையால் உள்ளே அழுத்தினால் பூட்டு விடும். அப்பா அதைக்கூடத் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிட்டார். நியூட்ரலில் போட்டார். கயிற்றைக் கட்டினார். மாமா ஒரு தடவை கேட்டிருக்கிறார், "ஆட்டோமேட்டிக் வண்டி ஆச்சே மாமா, இழுக்கலாமா?" என்று.

அதற்கு அப்பா சொன்ன பதிலை ஒரு வாரம் கழித்து அம்மா வாயால்தான் கேட்டேன். "பாப்பா போட்ட வீடியோ பாக்கல நீ? அமெரிக்காக்காரன் ஆட்டோமேட்டிக்கதான்டா ஆயிரம் கிலோமீட்டர் இழுத்துட்டுப் போறான். நமக்கு பதினஞ்சு கிலோமீட்டரு."

ராத்திரி நேரம், சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று கொஞ்சம் வேகமாகவே இழுத்திருக்கிறார். ஐம்பதில் வந்தோம் என்றார் மாமா பின்னால். திண்டிவனம் வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே காருக்கு அடியில் ஏதோ முனகுகிற மாதிரி சத்தம் கேட்டதாம். டயர் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். ஆல்டர்னேட்டர் போயிருக்கிறது. சரி செய்து, பேட்டரி மாற்ற, சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எல்லாம் மாற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் ஓடியது. கியரைப் போட்டால் வண்டி நகரவில்லை. நகர்ந்தபோது அலறியது.

கியர் பாக்ஸுக்கு வந்த மதிப்பீடு 1,10,000 ரூபாய்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா மெதுவாகத்தான் சொன்னார். என் வீடியோ பற்றிய பகுதியைச் சொல்லும்போது அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்டிய அந்த ஐந்து விநாடி வரி எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாமா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். குரூப்பில் நான் போடும் எதற்கும் கைதட்டல் வருவதில்லை. அத்தை காலை ஏழு மணிக்கே கிளம்பி, ஒரு கையில் குடையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை அம்மா இரண்டு தடவை பார்த்திருக்கிறார். "நான் பாத்தது அவளுக்குத் தெரியாது" என்றார் அம்மா.

கியர் பாக்ஸைத் திறக்கிற அன்று நான் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. ஒருவேளை வேறு ஏதாவது காரணம் இருக்கும், மெக்கானிக் அதைச் சொல்லிவிடுவார் என்ற நப்பாசையாக இருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஒரு தட்டில் வடித்த எண்ணெயைக் காட்டினார். ஜிகினா கலந்த மாதிரி மினுமினுத்தது. அத்தனையும் உள்ளே தேய்ந்த இரும்புத் தூள்.

"மேனுவல் வண்டின்னா எண்ணெ உள்ளயே கெடக்கும், பல்லு சுத்தறப்ப அள்ளி அடிச்சுக்கும். அதனால கொஞ்ச தூரம் இழுத்தா தாங்கும். இது அப்படி இல்லம்மா. உள்ள ஒரு பம்ப் இருக்கு, அதுதான் எண்ணெய எல்லா இடத்துக்கும் தள்ளணும். அந்தப் பம்ப இன்ஜின்தான் சுத்துது, சக்கரம் சுத்தறதில்ல. இன்ஜின் நின்னா பம்ப் நின்னுச்சு. ஆனா நீங்க சக்கரத்த உருட்டிக்கிட்டே வரீங்க, சக்கரத்தோட சேர்ந்து உள்ள பாதிப் பாகம் சுத்துது. கரண்டு கட்டான நேரத்துல மோட்டார் கொட்டாயில இருந்து வாய்க்காலுக்குத் தண்ணி வருமா? வராத வாய்க்கால்ல பயிர் மட்டும் எப்படிப் பொழைக்கும்?"

நியூட்ரலில் போட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால், கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதும் இருக்கும். மாமாவுடையது முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. முன்சக்கரம் உருண்டால் கியர் பாக்ஸின் உள்ளே வேலை நடந்தே தீரும். கிரேன் வைத்து முன்சக்கரம் இரண்டையும் தூக்கிவிட்டிருந்தால், பின்சக்கரம் மட்டும் உருண்டு சாதுவாக வந்திருக்கும்.

"பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோமேட்டிக்கை ஒரு தடவை நானே இழுத்தேனே, ஒண்ணும் ஆகலயே" என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். அதற்கும் மெக்கானிக்கிடம் பதில் இருந்தது. அது ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலிரியோவில் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து, இப்போது சின்ன கார்களில் பரவலாக இருக்கும் வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். நம் காலுக்குப் பதில் ஒரு கருவி கிளட்ச்சை அழுத்துகிறது, கைக்குப் பதில் இன்னொன்று கியரை மாற்றுகிறது. அதனால் நியூட்ரலில் விழுந்துவிட்டால் மேனுவல் மாதிரியே தப்பித்துக்கொள்ளும். மாமாவுடையது சி.வி.டி. அதில் பல் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கப்பிகளும் நடுவே ஓர் இரும்பு பெல்ட்டும். எண்ணெய் அழுத்தம்தான் அந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் இல்லாமல் உருட்டினால் கப்பியில் கீறல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே கிளட்ச் இல்லாத வண்டிதான். லீவருக்குப் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏ.எம்.டி சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. ஆனாலும் புத்தகத்தைப் பார்ப்பதுதான் நிச்சயம்.

எலெக்ட்ரிக் கார் என்றால் இன்னும் மோசம் என்றார். பெரும்பாலான வண்டிகளில் சக்கரம் உருண்டாலே மோட்டார் டைனமோவாகி மின்சாரம் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும். வண்டி அணைந்திருக்கும்போது அந்த மின்சாரம் போக இடமில்லாமல் உள்ளே எதையாவது எரித்து வைக்கும். அதை மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சென்னைக்குத் திரும்பி, அந்த அமெரிக்க விஷயத்தை முதலிலேயே செய்திருக்க வேண்டிய மாதிரி உட்கார்ந்து படித்தேன். என் வீடியோவில் வந்தது ஜீப் ரேங்ளர். அதில் கியர் பாக்ஸுக்கு அடுத்து, நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற தனிப்பெட்டி உண்டு. அதற்கென்று தனியாக ஒரு நியூட்ரல். அதை நியூட்ரலில் போட்டால், கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்போது ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் போடச் சொல்கிறது அந்த வண்டியின் கையேடு. வண்டி 'பார்க்'கில் நிற்கிறது, சக்கரம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் உருள்கிறது, உள்ளே எதுவும் அசையவில்லை. நம் ஊரில் ஓடும் சாதாரண கார்களில் இந்தப் பெட்டியே கிடையாது.

அமெரிக்காவிலேயே எல்லா காரையும் இப்படி இழுக்க முடியாது. ஹோண்டா சி.ஆர்.வி அங்கே வீட்டு வண்டிக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2014 மாடல் வரை நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று கையேட்டிலேயே முறை போட்டிருந்தார்கள். 2015-ல் அதற்கு சி.வி.டி கியர் பாக்ஸ் வந்தது. அந்த அனுமதியும் போய்விட்டது. பெயர் அதே பெயர், ஒரு வருட வித்தியாசம். மாமா காரில் இருந்த அதே சி.வி.டி. இதைப் படித்தபோது மணி இரவு ஒன்று. ஹாஸ்டல் அறையில் என்னோடு தங்கியிருப்பவள் எழுந்து "என்னடி ஆச்சு?" என்று கேட்கும் அளவுக்கு நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.

அங்கே கயிறெல்லாம் கட்டுவதில்லை. காரின் சட்டத்தில் ஒரு தகடு பொருத்தி, 'ஏ' வடிவ இரும்புக் கம்பியால் இணைக்கிறார்கள். கம்பி அறுந்தால் பிடிக்கச் சங்கிலி, பின்விளக்கு எரிய ஒயர், பெரிய வண்டி பிரேக் பிடிக்கும்போது காரின் பிரேக்கையும் அழுத்த ஒரு துணைக்கருவி, கார் தனியே கழன்றுவிட்டால் தானாக நிற்க வைக்க இன்னொன்று. அப்படி இருந்தும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் காரின் முன்சக்கரம் திரும்பிக்கொண்டு குறுக்கே மடங்கிவிடும். ஓங்கூரில் கயிற்றின் இந்தப் பக்கம் நான் இரண்டு காலாலும் மிதித்துச் செய்த வேலையை, அங்கே ஒரு பெட்டி செய்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் புரட்டினேன். நல்ல நிலையில் இருக்கும் காரை அமெரிக்கர்கள் மாதிரி சுற்றுலாவுக்கு இழுத்துப்போக இங்கே இடமே இல்லை. 1989-ல் வந்த சாலை விதிமுறைகளின்படி பழுதான வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார் ஆகியவற்றைத்தான் இன்னொரு மோட்டார் வண்டி இழுக்கலாம் என்றிருந்தது. பழுதான வண்டியையும் பக்கத்தில் இருக்கும் ஷெட் அல்லது பெட்ரோல் பங்க் வரைக்கும்தான். இழுக்கப்படும் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும், அல்லது முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும் என்றிருந்தது. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றிருந்தது. கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டியிருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2017-ல் இதற்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனால், ஜி.எஸ்.டி ரோட்டில் அந்தப் பலகையை மாட்டிய ஒரு வண்டியையும் என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. முப்பது வருட டிரைவரான அப்பாவும் பார்த்ததில்லையாம்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நெடுஞ்சாலை ஆணையத்தின் இருபத்துநாலு மணி நேர உதவி எண் அது. மாமா வண்டி நின்ற இடத்துக்கும் அது செல்லும். அவருடைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்ததும், அதில் இலவச இழுவை உண்டு என்பதும் பிற்பாடு காகிதங்களைக் குடையும்போதுதான் தெரிந்தது. அத்தை அந்தக் காகிதத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர்கள் பையன் சொன்னான்.

பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பது பெரிய கதை இல்லை. அப்பா சீட்டை எடுத்து 40,000 கொண்டுபோய் மாமா கடை மேஜையில் வைத்தார். மாமா வாங்கவில்லை. அப்பாவும் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்கும் பேப்பர் கட்டுக்கும் நடுவே அந்தக் கவர் இரண்டு நாள் கிடந்ததாம். நான் மாதம் 5,000 அத்தைக்கு அனுப்பத் தொடங்கினேன். முதல் மாதம் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது மாதம் 'சரிடா கண்ணு' என்று பதில் வந்தது. தை மாதம் கார் ஓடத் தொடங்கியது.

இதற்கு நடுவே, பழைய வீடியோவை எடுத்துவிடலாமா என்று டெஸ்க்கில் கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். எடிட்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எடுத்துட்டு, சரியானதைப் போடு" என்றார். மூன்று நிமிட வீடியோ செய்தேன். மெக்கானிக் காட்டிய ஜிகினா எண்ணெயையும் சேர்த்தேன், மாமா பெயரைச் சொல்லவில்லை. பழையதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. அந்த எண்ணிக்கையை நான் இன்னமும் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். குரூப்பில் போட்டபோது நான்கு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது நாள் மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'சுசீலா டீச்சர் வண்டி எந்த டைப்னு எப்படிப் பாக்கறது?' அத்தையுடன் வேலை பார்க்கும் டீச்சர். விளக்கி எழுதினேன். பதிலுக்கு ஒரு கைதட்டல்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் எல்லோரும் சேர்ந்தோம். கூட்டத்தில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். "வா மாப்ள" என்றார் அப்பா. "வரேன் மாமா" என்றார் அவர். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது அத்தையின் பையை அப்பா வாங்கிக்கொண்டார்.

போன மாதம், இரவு எட்டு மணி இருக்கும், அப்பாவிடமிருந்து போன். பின்னணியில் லாரிகளின் இரைச்சல்.

"பாப்பா, சாரத்துகிட்ட ஒரு கார் நின்னுபோச்சு. பாண்டிச்சேரி போறவங்க, கைக்குழந்த வேற இருக்கு. கியர்ல 'பி'ன்னு போட்டிருக்கு. கயிறு கட்டல, கட்டல, பயப்படாத. அந்தப் புத்தகம் எங்க இருக்கும்னு சொன்ன?"

"டேஷ்போர்டு டப்பாவுல பாருப்பா."

டப்பா திறக்கும் சத்தம். பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம். கார்க்காரர் "இதை இன்னும் பிரிக்கவே இல்லீங்க" என்பது கேட்டது. 1033-க்கு அடித்தாயிற்றா என்று கேட்டேன். அடித்தாயிற்றாம், வண்டி வந்துகொண்டிருக்கிறதாம்.

"அப்புறம் எதுக்குப்பா புத்தகம்?"

"வர்றவன் எப்படித் தூக்கறான்னு பாக்கணும்ல?"

பிறகு டார்ச் வெளிச்சத்தில், ஜி.எஸ்.டி ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டு, எட்டாவதுவரை படித்த என் அப்பா ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகக் கூட்டி எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். "டி... ஓ... டபிள்யூ..."